முப்பது ரூபாய் ஊணும் ஒரு கண்டன்சரும்

மோட்டார் உதிரிப்பாகம் விற்பது என் பிழைப்பு. வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறி, வாளையாறைத் தாண்டி, பாலக்காட்டுப் பக்கத்துக் கடைகளுக்குப் போய்வருகிறேன். இருபது வருடமாக வெளியில் சாப்பிட்டுப் பழகிய வயிறு. சாம்பார் நேற்றையதா இன்றையதா என்று மூக்கே சொல்லிவிடும். 2021 இலிருந்து மதியச் சாப்பாடு எனக்கு ஒரே இடத்தில்தான். ஒரு கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தை ஒட்டினாற்போல் இருக்கும் ஜனகீய ஓட்டல், அதாவது மக்கள் உணவகம். கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் ஐந்து பேர் நடத்துகிறார்கள்.

முதலில் சாப்பாடு. குண்டரிசிச் சோறு, ஊற்றிக்கொள்ள ஒரு கூட்டான் (குழம்பு), ஓர் உப்பேரி, ஊறுகாய். இந்தப் பக்கத்தில் உப்பேரி என்றால் பொரியல். நேந்திரம் சிப்ஸ் வரும் என்று முதல் நாள் காத்திருந்து ஏமாந்தவன் நான். சோறு கேட்டால் மறுபடி போடுவார்கள், உப்பேரிக்கு ஒரே கரண்டிதான். மீன் வறுவலுக்குத் தனிக் காசு. குடிக்கப் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர். வெள்ளரிக்காய் மோர்க்கூட்டான் வைக்கிற நாளில் நான் உப்பேரியைத் தேடுவதே இல்லை. தேங்காயைப் பச்சைமிளகாயும் சீரகமும் சேர்த்து வெண்ணெய் போல அரைத்திருப்பார்கள். புளிப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் தட்டும். சாம்பார் சுமார்தான். பருப்பில் கை இறுக்கம். கோயம்புத்தூர்க்காரன் மன்னிக்கமாட்டான்.

விலை 30 ரூபாய், பார்சல் 35. நான் போகத் தொடங்கியபோது 20 ரூபாய். 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது பஞ்சாயத்துகளும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து ஊருக்கு ஊர் சமூக அடுக்களை நடத்தினார்கள். அந்த வருடமே கேரளம் முழுக்க இந்த ஓட்டல்களும் வந்தன. அன்றைய ஏற்பாடு எளிது. கட்டடம், மின்சாரம், தண்ணீர் பஞ்சாயத்தின் பொறுப்பு. அரிசி கிலோ 10 ரூபாய் 90 பைசாவுக்கு அரசுக் கிடங்கிலிருந்து. சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் மானியம். 2023 ஆகஸ்டில் மானியத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய நிலுவை கேட்டுப் பல ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வந்தது பத்திரிகைகளில் வந்த செய்தி. அந்தப் பத்து ரூபாய்தான் இப்போது நம் பையிலிருந்து போகிறது. விலை ஏறிய வாரத்தில் கூட்டம் குறைந்ததை நானே பார்த்தேன். ஓணம் கழிந்தபின் திரும்பிவிட்டது.

எங்கள் ஊர் அம்மா உணவகத்தோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2013 இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து. விலையில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. சமைப்பதும் மகளிர் குழுப் பெண்கள்தான். ஆனால் அது மாநகராட்சி நடத்தும் கடை, பெண்களுக்கு நாள் கூலி. இங்கே காலையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துப் பேரம் பேசுகிறவரும் மத்தியானம் பரிமாறுகிறவரும் ஒரே ஆள். மிஞ்சினால் அவர்களுக்கு, கையைக் கடித்தாலும் அவர்களுக்கே. அவர்களுக்குப் பின்னால் அயல்கூட்டம் என்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு இருக்கிறது, அதற்கு மேல் வார்டு அளவில் ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். என்று குடும்பஸ்ரீயின் மேல் அமைப்புகள். 1998 இலிருந்து கட்டிவரும் படிக்கட்டு இது.

அந்தப் படிக்கட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருநாள் எதிரிலேயே பார்த்தேன். மணி பன்னிரண்டரை. கைகழுவும் குழாயில் தண்ணீர் இல்லை. பின்பக்கம் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. அந்தச் சத்தம் எனக்குச் சோறு போடுகிற சத்தம். எழுந்து போய் மூடியைக் கழற்றினேன். மோட்டாரைச் சுற்றத் தொடங்கவைக்கும் கண்டன்சர் அப்பம் போல உப்பியிருந்தது. அதே அளவு ஒன்று என் பையில் இருந்தது, 180 ரூபாய்.

மாட்டுவது ஐந்து நிமிட வேலை. பில் யார் பெயரில் என்பதுதான் விவகாரம். தண்ணீர் பஞ்சாயத்தின் பொறுப்பு, ஆகவே மோட்டாரும் அவர்களுடையது. வார்டு மெம்பரைக் கூப்பிட்டார்கள். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவரும் ஒரு காலத்தில் அயல்கூட்டத்தில் இருந்தவராம். பஞ்சாயத்துப் பணம் என்றால் கமிட்டியில் வைத்துத்தான் எடுக்க முடியும், அடுத்த கூட்டம் பத்து நாள் கழித்து என்றார். பொய் இல்லை, முறை அதுதான். நான் இலவசமாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கல்லாவில் இருந்த சேச்சி (அக்கா) கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அண்ணா, இன்றைக்கு நீங்கள் சும்மா கொடுத்தால், அடுத்த முறை ரிப்பேர் வரும்போது எங்கள் கணக்கில் என்ன எழுதுவது?"

பிறகு மெம்பரிடம் திரும்பி, "இப்போது நாங்கள் கொடுக்கிறோம். நீங்கள் எங்களுக்குத் தர வேண்டும்" என்றார். நீளமான கணக்கு நோட்டில் ஒரு வரி எழுதினார்கள், மெம்பர் கையெழுத்துப் போட்டார், குழாயில் தண்ணீர் வந்தது. ஐந்து வாரம் கழித்து நான் விசாரித்தபோது சேச்சி நோட்டைத் திறந்து காட்டினார். 180க்கு எதிரே சிவப்பு மையில் ஒரு டிக். எனக்கு வர வேண்டிய பாக்கி இவ்வளவு சீக்கிரம் எந்தக் கடையிலிருந்தும் வந்ததில்லை.

இன்னொன்று. சுவரோர மேசையில் ஒரு பெரியவர் தினமும் உட்காருவார். அவரிடம் யாரும் காசு கேட்டுப் பார்த்ததில்லை. அவர் கையில் இருப்பதும் என் கையில் இருக்கிற அதே மஞ்சள் கூப்பன். யார் கணக்கில் போகிறது என்று கேட்டேன். "ஒருவர் கொடுக்கிறார்" என்று சொல்லிவிட்டு சேச்சி அடுத்தவருக்குக் கூப்பன் கிழிக்கப் போய்விட்டார்.

குறை இல்லாமல் இல்லை. ஒன்றேகாலுக்கு மேல் போனால் உப்பேரி இருக்காது, ஒன்றரைக்குச் சோறே சந்தேகம். பார்சல் ஆர்டர் நிறைய வந்த நாளில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் தட்டில் கூட்டான் தண்ணீராகிவிடுகிறது. இதை இரண்டு முறை சொல்லியும் மூன்றாம் முறையும் நடந்தது. இரண்டு மின்விசிறியில் ஒன்று ஒப்புக்குச் சுற்றுகிறது. அதுவும் கண்டன்சர்தான். நான் வாயைத் திறக்கவில்லை, கமிட்டி கூடட்டும். பலகை மலையாளத்தில் மட்டும், ஆனால் தமிழ் பேசினால் தமிழிலேயே பதில் வரும். ஞாயிறு விடுமுறை. சில்லறையாக முப்பது ரூபாய் கொண்டுபோங்கள்; 500 ரூபாய்த் தாளை நீட்டினால் சேச்சியின் முகம் மாறும். மோட்டார் சரிசெய்த அன்றைக்கும் என்னிடம் முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டுதான் கூப்பன் கிழித்தார்.