போர்ஷே கரேரா ஜிடி: வாங்கினால் விலை நிற்குமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பணமும் இருந்து ஓட்டும் ஆசையும் இருந்தால், போர்ஷே கரேரா ஜிடியைத் தாராளமாக வாங்கலாம். வாங்கிப் பூட்டி வைத்து, நாலு வருஷம் கழித்து லாபத்துக்குத் தள்ளிவிடலாம் என்ற கணக்கு மட்டும்தான் என்றால், வேறு வண்டியைப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களுக்காக, பணம் கைமாறுவதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துச் சொல்வது என் தொழில். பெரும்பாலும் குடும்பக் கார்கள்தான் வரும். அபூர்வமாக ஒரு சூப்பர்கார் வரும். அப்படி சமீபத்தில் வந்தது 2005-ல் தயாரான வெள்ளி நிறக் கரேரா ஜிடி. வாங்க நினைத்தவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "போட்ட பணம் திரும்பி வருமா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இந்த வண்டி எப்படி இந்த விலைக்கு வந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

போர்ஷே இதை 1,500 வண்டி செய்வதாகச் சொன்னது. 2006-ல் லைப்சிக் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியபோது 1,270 தான் முடிந்திருந்தது. அமெரிக்காவில் ஏர்பேக் விதிகள் மாறுகின்றன என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். அங்கே புது வண்டியின் விலை 4,40,000 டாலர். அடுத்த சில வருடங்களில் பழைய வண்டியின் விலை அதற்கும் கீழே இறங்கியது. அன்றைக்கு விற்றவர்கள் யாரும் இதைத் தங்கமாக நினைக்கவில்லை. பிறகு மெதுவாக ஏறி, 2022 வாக்கில் ஏலங்களில் 15 லட்சம் டாலரையும் தாண்டிவிட்டது.

குறைவாகச் செய்தார்கள், அதனால் விலை ஏறியது என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. அதே காலத்தில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல்ஆர் மெக்லாரனைப் பாருங்கள். விலையும் ஏறக்குறைய இதே அளவு. 3,500 செய்வதாகத் திட்டம், முடிந்தது இரண்டாயிரத்துச் சொச்சம். இரண்டுமே சொன்ன எண்ணிக்கையைத் தொடவில்லை. ஆனால் எஸ்எல்ஆர் பல வருடங்கள் புது விலைக்குக் கீழேயே கிடந்தது. அதிலும் கார்பன் ஃபைபர் உடல், அதிலும் அறுநூறு குதிரைத்திறனுக்கு மேல். வித்தியாசம் எங்கே என்றால், அதன் சூப்பர்சார்ஜ் செய்த (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்) வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், அந்தக் கம்பெனியின் ஏஎம்ஜி என்ற வேகக் கார் வரிசையில் இருந்த எஞ்சினுக்கு நெருங்கிய உறவு. கியர்பாக்ஸ் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். அந்த அனுபவத்தில் ஒரு பெரிய பங்கு, பாதிக்கும் பாதி விலையில் வேறு வண்டியில் கிடைத்தது.

கரேரா ஜிடியின் எஞ்சினுக்கு அப்படி உறவுக்காரர் யாரும் இல்லை. 90-களின் கடைசியில், பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்காக போர்ஷே ஒரு வி10 எஞ்சினைத் தயார் செய்தது. திட்டத்தைக் கைவிட்டார்கள். எஞ்சின் மட்டும் மிஞ்சியது. அதை வைத்து ஒரு மாதிரிக் காரைக் கட்டி, 2000-ல் பாரிஸில் காட்டினார்கள். கூட்டம் ஆர்வம் காட்டியது, உற்பத்திக்குப் போனார்கள். 5.7 லிட்டர், 8,000 ஆர்பிஎம்மில் 612 குதிரைத்திறன், டர்போ கிடையாது. ஆறு கியர், அதுவும் கையால் போடுவது மட்டும். ஏபிஎஸ் உண்டு, சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் உண்டு. வண்டி பக்கவாட்டில் நழுவினால் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. இன்றைய புகை விதிக்கும் சத்த விதிக்கும் நடுவில் இப்படி ஒரு கலவையை ஒரு பெரிய கம்பெனி மறுபடி செய்து சாலையில் விடுவது மிகவும் கஷ்டம். விலையைத் தாங்கிப் பிடிப்பது இதுதான் என்பது என் எண்ணம். இருப்பது 1,270 என்பதைவிட, 1,271-வது வராது என்ற நம்பிக்கைக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் போர்ஷேவே உதாரணம். 2016-ல் 911 ஆர் என்று 991 வண்டி மட்டும் விட்டார்கள். 500 குதிரைத்திறன், கையால் போடும் கியர். அப்போது 911-இன் இன்னொரு வேக வகையான ஜிடி3 ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. கிளட்ச் மிதித்து ஓட்ட விரும்பியவர்களுக்கு வேறு வழியில்லை. அமெரிக்காவில் 1,84,900 டாலருக்கு வாங்கிய வண்டிக்குச் சந்தையில் அதைப்போல் பல மடங்கு விலை கேட்டார்கள். அடுத்த வருடமே கம்பெனி ஜிடி3-யில் மேனுவல் கியரைத் திரும்பக் கொண்டுவந்தது, இறக்கை இல்லாத டூரிங் வகையையும் விட்டது. 911 ஆர் விலை சரசரவென்று இறங்கியது. இன்றும் அது புது விலைக்கு மேலேதான் நிற்கிறது. ஆனால் உச்சத்தில் வாங்கியவருக்குக் கையைக் கடித்துவிட்டது. வண்டியில் ஒரு ஸ்க்ரூ கூட மாறவில்லை. பக்கத்தில் ஒரு மாற்று வந்தது, அவ்வளவுதான்.

வாக்குறுதி மாறினாலும் இதே கதிதான். 1988-ல் ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐக் காட்டியபோது வி12 எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் சக்தி. 1992-ல் கையில் கிடைத்தது டர்போ போட்ட வி6, பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி. நடுவில் பொருளாதாரமும் சரிந்திருந்தது. முன்பணம் கட்டியவர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 350 என்று அறிவித்தது 280-ஐ ஒட்டி நின்றுபோனது, அதிலும் சில பல வருடம் விற்காமல் கிடந்தன. நிஜத்தில் அது அற்புதமான வண்டி. அதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஃபெராரி எஃப்40-இன் கதை இதற்கு நேர் எதிர். 400 தான் என்று பேச்சு, 1,300-க்கும் மேல் செய்தார்கள். ஆனாலும் இன்று அதன் மவுசுக்குக் குறைவில்லை. ஏனென்றால் சொன்ன வண்டியைத்தான் கொடுத்தார்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

கரேரா ஜிடிக்குள் உட்கார்ந்ததும் கைக்கு முதலில் தட்டுப்படுவது கியர் குமிழ். மரத் தகடுகளை அடுக்கி ஒட்டிச் செய்தது. போர்ஷேயின் 917 பந்தயக் காரில் இருந்த மரக் குமிழுக்கு மரியாதையாக வைத்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் ஏமாற்றலாம், ஆனால் மரம் மறைக்காது. ரொம்ப ஓடாத வண்டி என்று சொல்லி, குமிழின் மேல்பகுதியில் பூச்சு தேய்ந்து மங்கியிருந்தால் அங்கேயே கேள்வி கேட்க வேண்டும். நான் பார்த்த வண்டியில் குமிழின் இடது விளிம்பு மட்டும் லேசாகப் பளபளத்தது. சர்வீஸ் ரெக்கார்டில் இருந்த கிலோமீட்டருக்கு அது பொருந்தியது.

அடுத்தது கிளட்ச். இந்த வண்டியின் பெயரும் கெட்ட பெயரும் அதில்தான். செராமிக் கலவையால் ஆன இரட்டைத் தட்டு, விட்டம் 169 மில்லிமீட்டர்தான். எஞ்சினைத் தரைக்கு நெருக்கமாக இறக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு சின்னதாகச் செய்தார்கள். சாதாரண காரில் செய்வதுபோல ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே கிளட்ச்சை விட்டால் எஞ்சின் துள்ளி நின்றுவிடும், அல்லது கிளட்ச் தேயும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல், இடது காலை மெதுவாக மட்டும் தூக்க வேண்டும். எஞ்சின் தானே சமாளித்து வண்டியை நகர்த்தும். பிறகுதான் வலது கால். விற்பவர் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கும்போது நான் சத்தத்தைத்தான் கவனிப்பேன். எஞ்சின் உறுமாமல் வண்டி ஊர்ந்து வந்தால், அவருக்கு வண்டி தெரியும். உறுமியபடி வந்தால், கிளட்ச் தேய்மானத்தை அளந்து எழுதித் தரச் சொல்வேன். எப்படி வந்தாலும் கேட்பதுதான் நல்லது. மாற்றுவதற்கு எஞ்சின் பகுதியையே கழற்ற வேண்டியிருக்கும், செலவு சின்னதாக இருக்காது.

சக்கரங்களின் நடுவில் ஒரே பெரிய நட். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் நீலம். இடம் வலம் மாறிவிடக் கூடாது என்பதற்காக. அந்த நட்டின் வண்ணம் உதிர்ந்து, விளிம்பு சிதைந்திருந்தால் சரியான கருவி இல்லாத யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 2013-ல் நடிகர் பால் வாக்கர் பலியான விபத்தில் சிக்கியது கரேரா ஜிடிதான். அதன் டயர்களுக்கு ஒன்பது வயது என்று விசாரணையில் தெரிந்தது. பார்வைக்குப் பள்ளம் ஆழமாக, பட்டன் புதிது மாதிரியே இருக்கும். ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாத, 612 குதிரைத்திறன் வண்டிக்கு இது உயிர் விஷயம். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2419 என்றால் 2019-ன் 24-வது வாரம் தயாரானது. குனிந்து டார்ச் அடித்து நாலு டயரிலும் படியுங்கள். உள்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தால் தரையில் படுத்துப் படியுங்கள். குறைந்த கிலோமீட்டர் வண்டி என்று அதிக விலை சொல்பவர்களிடம்தான் பழைய டயர் அதிகம் இருக்கும். ஓட்டவே இல்லை அல்லவா, மாற்ற அவசியமே வந்திருக்காது.

இங்கே போர்ஷேயைப் பாராட்ட வேண்டும். நிறுத்தி இத்தனை வருடம் ஆகியும், இந்த வண்டிக்கென்றே மிஷ்லானுடன் சேர்ந்து புது டயர் செய்து கொடுக்கிறார்கள். 2023-ல் சஸ்பென்ஷன் மூட்டுகளில் அரிப்பால் விரிசல் வரலாம் என்று தெரிந்ததும் அமெரிக்காவில் ரீகால் அறிவித்தார்கள், அதாவது வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாகச் சொன்னார்கள். சரிசெய்யும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார்கள். கேட்பதற்குப் பயமாக இருக்கும். எனக்கு இது தைரியம் தருகிற செய்தி. பெற்றவர்கள் இன்னும் பிள்ளையைக் கவனிக்கிறார்கள். சிறிய கம்பெனிகளின் அபூர்வ வண்டிகள் பல, கண்ணாடி உடைந்தால் போதும், மாற்றுக் கிடைக்காமல் நின்றுவிடும். எண்ணிக்கை குறைவு என்பது அங்கே பாரம். ஆகவே வாங்குமுன் அந்த ரீகால் வேலை முடிந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஷோரூமிலேயே கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தை போதாது.

ஆவணங்களை நான் எஞ்சினுக்குச் சமமாகப் பார்ப்பேன். முதல் பில், எல்லா சர்வீஸ் தாள்களும், இரண்டு சாவியும், உள்ளே இருக்கும் தோலின் நிறத்திலேயே தைத்துக் கொடுத்த பைகளும் இருக்க வேண்டும். மேற்கூரை இரண்டு கார்பன் தகடு. இரண்டும் முன்பக்க டிக்கிக்குள் அடங்கும். அவற்றை எடுத்துப் பார்த்தால் கீறல் இருக்கிறதா என்பது தெரியும். அப்புறம், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடித் தகடுகளைக் கழற்றச் சொல்லுங்கள். உடலும் எஞ்சினைத் தாங்கும் சட்டமும் கார்பன் ஃபைபர். அதில் ஒரு அடி பட்டிருந்தால் பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலையில் பெரிய பங்கு போய்விடும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி நல்லது என்று கேட்பார்கள். ஆயிரத்துக்கும் குறைவாக ஓடிய வண்டிக்கு விலை உச்சத்தில் இருக்கும். அதை வாங்கினால் ஓட்ட முடியாது, ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பணத்தைக் கரைக்கும். ஓட்டாமல் வைத்தால் சீல்கள் காய்ந்துவிடும். இருபது முப்பதாயிரம் ஓடி, தவறாமல் சர்வீஸ் ஆன வண்டியைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதில் இன்னும் ஐயாயிரம் ஓட்டினாலும் விலையில் பெரிய மாற்றம் தெரியாது.

இதே குணத்தை வேறு எங்கே பார்க்கலாம் என்றால், லெக்ஸஸ் எல்எஃப்ஏ. 500 வண்டிதான், 2010 கடைசியிலிருந்து 2012 வரை. 9,000 ஆர்பிஎம் வரை போகும் வி10. முள் வைத்த மீட்டரால் அந்த வேகத்தைத் துரத்த முடியாது என்று டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். 3,75,000 டாலர் லெக்ஸஸுக்கு ஜாஸ்தி என்று பலர் ஒதுங்கினார்கள், சில வண்டிகள் வருடக்கணக்கில் ஷோரூமிலேயே நின்றன. இன்று அதற்குக் கிராக்கி. முதல் தலைமுறை ஃபோர்டு ஜிடியும் அப்படித்தான். 4,038 வண்டி இருந்தும் புது விலைக்குக் கீழே போவதில்லை. எளிமையான எஞ்சின், மேனுவல் கியர், பராமரிப்பும் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். பத்து லட்சம் டாலருக்கு மேல் போட மனமில்லாதவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

என் வாடிக்கையாளருக்கு நான் கொடுத்த அறிக்கை இது: வண்டி நன்றாக இருக்கிறது. கிளட்ச் அளவு தாளில் இருக்கிறது, ரீகால் முடிந்திருக்கிறது. டயர்களுக்கு வயதாகிவிட்டது, நாலையும் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். குறைத்தால் வாங்குங்கள், டயர் மாற்றும்வரை லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.