கடப்பா கல்லுக்கு வயசு யாரிடம் கேட்பது?

கிருஷ்ணகிரியில் வீடு கட்டுகிறவரிடம் மேஸ்திரி தவறாமல் கேட்பது: "சமையல் மேடைக்குக் கடப்பாவா, கிரானைட்டா சார்?" விலை, எண்ணெய்க் கறை, விரிசல் என்று மூன்று பேச்சில் அந்த விவகாரம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் மேடைக்குக் கிரானைட், அலமாரித் தட்டுகளுக்குக் கடப்பா என்று முடிவானது. லாரியிலிருந்து கல் இறக்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன் மட்டும் வேறு ஒன்றைக் கேட்டான்: "மாமா, இதுல எது மூத்தது?"

கிரானைட்டுக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டேன். கடப்பாவுக்கு நாலு நாள் ஆனது. கல்லூரியில் நிலவியல் படித்துவிட்டு வேறு தொழிலில் பிழைப்பவன் நான். பழைய நோட்டுகளைத் தூசி தட்ட வேண்டியதாயிற்று.

கிரானைட் கதை சுலபம். பர்கூர் பக்கம் வெட்டி எடுத்து "கிரானைட்" என்று விற்பதில் பாதிக்கு மேல் நைஸ், சார்னோகைட் வகைதான். இவை சூட்டில் உருகியும் வெந்தும் உருவானவை. அந்தச் சூட்டில் சிர்கான் என்ற கனிமம் மணலைவிடச் சின்ன மணிகளாக வளரும். வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்கவே சேர்க்காது. ஆகவே பிற்பாடு உள்ளே ஈயம் இருந்தால் அது யுரேனியம் மெல்லச் சிதைந்து பெற்ற பிள்ளை. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235 பாதியாக 70 கோடி ஆண்டு. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரம். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். நம்மூர்ப் பாறைகளில் அவை சொல்லும் கணக்கு ஏறக்குறைய 250 கோடி.

அதே கடிகாரத்தைப் படிவுப் பாறைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கே.ஆர்.பி. அணைக் கரையில் ஒரு கைப்பிடி மணல் அள்ளுங்கள். தென்பெண்ணை ஆறு வழியெங்கும் பழைய நைஸ் பாறையை அரித்துக்கொண்டு வந்த மணல். அதில் உள்ள சிர்கானைக் கேட்டால் 250 கோடி என்றே சொல்லும். மணல் வந்து படிந்ததோ போன வருஷத்து வெள்ளத்தில். தாத்தாவின் பிறந்த தேதியைப் பேரன் சொன்ன மாதிரிதான். மணற்கல்லில் கிடைக்கும் சிர்கானால் "இந்தப் படிவு என்னைவிட இளையது" என்று மட்டுமே சாட்சி சொல்ல முடியும்.

அப்போது யாரிடம் கேட்பது? எரிமலைச் சாம்பல், நுண்புதைபடிவம், ஸ்ட்ரோமடோலைட், கரிம ஐசோடோப்பு என்று நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நால்வரும் சமம் இல்லை.

என் வாக்கு முதலில் சாம்பலுக்கு. கடலடியில் சேறு படிந்துகொண்டிருக்கும்போது எங்கோ எரிமலை வெடித்து, அதன் சாம்பல் ஒரு விரற்கடை கனத்துக்கு மேலே படிந்தால் போதும். அந்தச் சாம்பலில் உள்ள சிர்கான் வெடிப்புக்குச் சற்று முன்புதான் பிறந்தது. சாம்பலின் வயதே படிவின் வயது. குறை ஒன்றுதான்: தேவைப்படும் இடத்தில் சாம்பல் இருக்காது.

நுண்புதைபடிவம் இதற்கு நேர்மாறு. களிமண் பாறையிலும் சிக்கிமுக்கிக் கல் போன்ற செர்ட்டிலும் பல இடங்களில் கிடைக்கும். பெரும்பாலும் தலைமுடியின் கனத்துக்கு முன்னே பின்னே இருக்கும் பைகள், இழைகள். அவற்றில் அக்ரிடார்க் என்று ஒரு பெரிய கூட்டம் உண்டு. எந்த உயிரினத்தின் கூடு என்று தெரியாத எல்லாவற்றுக்கும் போட்ட பொதுப் பெயர் அது. இந்தக் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தரம் வேறு. லியோஸ்ஃபெரிடியா என்பது வழவழவென்று ஒரு உருண்டை, அவ்வளவுதான். 160 கோடி ஆண்டுக்கு முன்னும் இருந்தது, மீன்கள் வந்த பிறகும் இருந்தது. அதை வைத்து வயது சொல்வது, வேட்டி கட்டியிருக்கிறார் என்பதை வைத்து ஒருவரின் வயதைச் சொல்வது போல. செரிப்ரோஸ்ஃபெரா அப்படியில்லை. மேலெல்லாம் மூளை மடிப்பு போலச் சுருக்கம், சுமார் 80 கோடிக்கும் 74 கோடிக்கும் இடையே மட்டுமே தலைகாட்டியது. ஆஸ்திரேலியாவில் ஒரு படுகையிலும் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றிலும் அது கிடைத்தால், இரண்டு படிவையும் ஒரே மட்டத்தில் வைத்துக் கோடு போடலாம். இந்தக் கோடு போடும் வேலையில் சாம்பலைவிட நுண்புதைபடிவம் கெட்டி.

ஆனால் செரிப்ரோஸ்ஃபெராவுக்கு 80 கோடி என்று சொன்னது யார்? வேறெங்கோ ஒரு சிர்கானோ வேறு ஐசோடோப்பு அளவோதான். இன்னொருவர் எழுதிக் கொடுத்த சாதகத்தை வைத்துத்தான் புதைபடிவம் ஜோசியம் சொல்கிறது. சாதகம் தப்பானால் என்ன நடக்கும் என்பதற்கு விந்தியப் பாறைகளே சாட்சி.

டேராடூன் வாடியா நிறுவனத்தின் ரஃபத் அஸ்மி, கீழ் விந்தியச் சுண்ணாம்புக் கற்களில் நுண்ணிய ஓட்டுப் புதைபடிவங்களைக் கண்டதாக 1998இல் எழுதினார். அவ்வகை ஓடுகள் கேம்பிரியக் காலத் தொடக்கத்தின் முத்திரை. அப்படியானால் பாறைக்கு வயது சுமார் 54 கோடி. அதே ஆண்டில் ஜெர்மானியப் புதைபடிவ ஆய்வாளர் ஸைலாக்கரும் கூட்டாளிகளும் விந்தியத்தின் சோர்ஹட் மணற்கல்லில் புழு போன்ற விலங்கின் தடங்கள் இருப்பதாகவும், அவை நூறு கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை என்றும் சொன்னார்கள். ஒரே விந்தியத் தொகுதிக்கு இரண்டு சாதகம். 2002இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, கீழ் விந்தியச் சாம்பல் அடுக்குகளின் சிர்கானை அளந்தன. ஒன்றுக்கு 162.8 கோடி, மற்றதற்கு 163.1 கோடி. 54 எங்கே, 163 எங்கே!

கதை இத்துடன் முடிந்திருந்தால் நுண்புதைபடிவத்தை நானும் ஒதுக்கியிருப்பேன். ஸ்வீடன் ஆய்வாளர் ஸ்டெஃபான் பெங்ட்ஸன் குழு அதே கீழ் விந்தியத்தின் சித்ரகூடப் பாறைகளை மறுபடி எடுத்து, எக்ஸ்ரேக் கற்றையால் முப்பரிமாணத்தில் பார்த்து 2009இல் எழுதியது: புதைபடிவங்கள் நிஜம்தான், ஆனால் நினைத்ததைவிட நூறு கோடி ஆண்டு மூத்தவை. ஓடு என்று நினைத்தவை நுண்ணுயிர் இழைகளைச் சுற்றிப் பாஸ்பேட் படிந்த குழாய்கள். 2017இல் அதே பாறையில் சிவப்புப் பாசி என்று கருதத்தக்க வடிவங்களை விவரித்து, ஒன்றுக்கு ரஃபத்அஸ்மியா என்று பெயர் வைத்தார்கள். கண்டெடுத்தவர் கண்டது சரி, படித்தது தப்பு. எனக்கு இந்தப் பெயர்சூட்டல் ரொம்பப் பிடிக்கும்.

படிப்பதில் நானும் சறுக்கியவன். கல்லூரிக் காலத்தில் களிமண் பாறைத் துண்டை அமிலத்தில் கரைத்துப் புதைபடிவம் எடுக்கும் வேலை. முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சுண்ணாம்பை ஒழித்துவிட்டுத்தான் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்ற வேண்டும். வரிசை மாறினால் கால்சியம் ஃபுளோரைடு வெள்ளையாகப் படிந்து எல்லாம் பாழ். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். நுண்ணோக்கியில் மஞ்சள் நிறத்தில் ஒரு உருண்டை, சுவரில் வட்டமாக ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றி மோதிரம் போல விளிம்பு. உள்ளிருந்த உயிர் உடைத்து வெளியேறிய வாசல் என்று அரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஜன்னலைத் திறந்து வெச்சே கழுவினியாப்பா?" என்றார். வெளியே மைதானத்துப் புல் பூத்திருந்தது. என் புதைபடிவம் போன வாரத்துப் புல் மகரந்தம். அதன் சுவரும் அந்த அமிலத்துக்கு அசையாது.

நிறத்தை வைத்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாறை சூடேறச் சூடேற அதிலுள்ள பழைய பைகள், எண்ணெயில் வதங்கும் வெங்காயம் போல மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கடைசியில் கருகும். கருகியதில் முள்ளும் மடிப்பும் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் நுண்புதைபடிவம் தேடி யாரும் அலையாததற்குக் காரணம் இதுதான். அடி ஆழத்தில் வெந்தவற்றில் கரிமம் ஏதும் மிஞ்சினாலும் அது கிராஃபைட்டாகத்தான் இருக்கும்.

மற்ற இருவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ட்ரோமடோலைட் என்பது நுண்ணுயிர்ப் பாய்கள் அடுக்கடுக்காகக் கட்டிய கல்மேடு. வெட்டினால் முட்டைகோஸ் குறுக்குவெட்டு. கண்ணுக்கே தெரியும் என்பதால் அன்றைய சோவியத் நிலவியலாளர்கள் அதன் வடிவங்களை வைத்தே காலப் பிரிவுகள் அமைத்தார்கள். ஆனால் வடிவத்தைத் தீர்மானிப்பதில் காலத்தைவிட நீரின் ஆழத்துக்கும் அலைக்கும் பங்கு அதிகம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் இன்றும் வளர்கிறது. வயதுக்கு அதை நம்ப மாட்டேன். கரிம ஐசோடோப்பு பரவாயில்லை: அந்தக் காலக் கடலில் கனமான கரிமமும் லேசான கரிமமும் இருந்த விகிதம் சுண்ணாம்புக் கல்லில் பதிந்திருக்கும், ஏற்ற இறக்கங்களை ஊருக்கு ஊர் பொருத்திப் பார்க்கலாம். 63.5 கோடிக்குப் பிந்தைய எடியாகரன் காலத்தில் பெரிய பள்ளங்கள் இருப்பதால் அங்கே அருமையாக வேலை செய்யும். 180 கோடிக்கும் 80 கோடிக்கும் இடையே அந்த விகிதத்தின் வரைகோடு பெரும்பாலும் தட்டை. தட்டைக் கோட்டை எதனோடு பொருத்துவது?

இனி அலமாரித் தட்டு. கடப்பா படுகையின் கீழ்ப்பகுதியில் தாடிபத்ரிப் படிவுகளுக்குள் புலிவெந்துலா அருகே எரிமலைக் குழம்பு புகுந்து உறைந்திருக்கிறது. அதன் வயது 188.5 கோடி. புகுந்ததைவிடப் புகுத்திக்கொண்டது மூத்தது, ஆகவே தாடிபத்ரியும் அதற்குக் கீழே ஸ்ட்ரோமடோலைட் நிறைந்த வேம்பல்லியும் அதைவிடப் பழையவை. கடைக்கு வரும் கறுப்புத் தட்டுக்கல் இவற்றுக்கெல்லாம் மேலே, அந்தக் குழம்பும் உறைந்த பிறகு ஓர் இடைவெளி தாண்டிப் படிந்த கர்னூல் தொகுதியின் நார்ஜிச் சுண்ணாம்புக்கல். அதற்கு எத்தனை வயது என்ற வழக்கு இன்னும் நிலவியலாளர்களிடம் நடக்கிறது. ஆனால் பையன் கேட்டது எத்தனை வயது என்று இல்லையே. எது மூத்தது என்றுதானே? மேடைக் கல் 250 கோடி, தட்டு 188 கோடிக்கும் இந்தப் பக்கம். மேடைதான் மூத்தது.

சொன்னதும் அவன் சாக்பீஸ் எடுத்துத் தட்டின் பின்பக்கம் "188க்குக் கீழே" என்று எழுதினான். மறுநாள் சுவரில் பதிக்க வந்த மேஸ்திரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு டேப்பை எடுத்தார். "188 சென்டிமீட்டர் இருக்காதே சார், யார் அளந்தது?"