ஹெல்த்வாட்ச் சேவை: எதற்கு உதவும், மூடினால் எதைக் காப்பாற்ற வேண்டும்

ஜிபி (குடும்ப மருத்துவர்) அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, கேட்டும் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, டிஸ்சார்ஜ் செய்தபோது மாத்திரை விவரம் சொல்லவில்லை: இங்கிலாந்தில் இப்படி எதையும் சொல்லக்கூடிய இடம் உள்ளூர் ஹெல்த்வாட்ச். 2013 ஏப்ரலில் தொடங்கியது. போனிலோ இணையத்திலோ சொல்லலாம். கட்டணம் இல்லை. இதை மூடிப் பணியை வேறு அமைப்புகளிடம் கொடுக்கலாம் என்ற யோசனை 2025இல் வந்தது.

பலர் ஏமாறுவது ஓரிடத்தில்தான். தனிநபர் புகாரை இவர்கள் விசாரிப்பதில்லை. அதை 12 மாதத்துக்குள் மருத்துவமனைக்கோ ஜிபிக்கோ நேரடியாக எழுத வேண்டும். புகார் கிடைத்தது என்று 3 வேலை நாளில் பதில் வர வேண்டும். முடிவு சரியில்லை என்றால் புகார்களைத் தனியே விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமானால், உள்ளூர் கவுன்சில் செலவில் நடக்கும் இலவசப் புகார் உதவிச் சேவை இருக்கிறது.

ஹெல்த்வாட்சின் உண்மையான பலம் வேறு. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வார்டுக்குள்ளும் முதியோர் இல்லத்துக்குள்ளும் நுழைந்து பார்க்கச் சட்டமே இடம் தருகிறது. தண்ணீர் டம்ளர் நோயாளியின் கைக்கு எட்டுகிறதா, அழைப்பு மணியை அடித்தால் ஆள் வருகிறதா என்று கட்டில் பக்கத்தில் நின்றே பார்க்கிறார்கள். அறிக்கை போனால் அந்த மருத்துவமனையோ இல்லமோ 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்: என்ன செய்யப்போகிறோம், செய்யாவிட்டால் ஏன். உத்தரவு போடும் அதிகாரம் மட்டும் கிடையாது. கவுன்சில் தரும் பணத்தில் ஓடுவதால் தரமும் ஊருக்கு ஊர் மாறும். அந்தக் குறை உண்மைதான்.

ஆனால் அதற்கு வைத்தியம் மூடுவதல்ல. அரசு மருத்துவச் சேவையின் தலைமை நிர்வாக அமைப்பான என்எச்எஸ் இங்கிலாந்து கலைக்கப்படும் என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். ஜூலையில் அரசு கேட்டு வந்த பென்னி டாஷ் அறிக்கை, ஹெல்த்வாட்சின் மருத்துவச் சேவை பற்றிய பணியை ஐசிபி என்ற வட்டார மருத்துவ வாரியங்களுக்கும் சமூகப் பராமரிப்புப் பணியைக் கவுன்சில்களுக்கும் மாற்றச் சொன்னது. சேவைகளுக்குப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்வதே ஐசிபிதான். நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லப்பட்டதும் அதற்குத்தான். தன் ஏற்பாட்டைப் பற்றிய குறையைத் தானே சேகரிக்கும் அலுவலகம் அதை எவ்வளவு உரக்கச் சொல்லும்?

நோயாளிகளின் குரலாக இப்படி இருந்த அமைப்புகளை மூடுவது புதிதல்ல. 1974இல் வந்த சமூக சுகாதார கவுன்சில்களை 2003இல் மூடினார்கள். அடுத்து வந்த நோயாளி மன்றங்கள் 2008இல் போயின, அதற்குப் பின் வந்த லிங்க் அமைப்புகள் 2013இல் போயின. ஒவ்வொரு முறையும் பழகிய தொண்டர்கள் கலைந்தார்கள். நோயாளிகள் கவனிப்பின்றி விடப்பட்ட ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை அவலம் நடந்ததும் இந்தக் காலத்தில்தான். நோயாளிகளின் குரலுக்கு இந்த மாற்று அமைப்புகள் உதவவில்லை என்று அந்த அவலத்தை ஆராய்ந்த 2013 ஃபிரான்சிஸ் விசாரணை சொன்னது. வேல்ஸ் தன் சமூக சுகாதார கவுன்சில்களை 2023 வரை வைத்திருந்து, பிறகு லைஸ் என்ற சுதந்திர அமைப்பாக மாற்றியது. இங்கிலாந்தும் அந்த வழியில் போகலாம்.

எந்த அமைப்பு வந்தாலும் வெளியாட்கள் உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை, 20 நாள் கெடு, ஐசிபியின் அனுமதி கேட்காமல் அறிக்கை வெளியிடும் உரிமை மூன்றும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனால் மக்கள் கருத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு 1985 கன்னிங் வழக்கில் வந்த நான்கு விதிகளைக் கையில் வைத்திருங்கள்: முடிவுக்கு முன்பே கேட்க வேண்டும், போதிய காரணம் சொல்ல வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த கருத்தை மனம்வைத்துப் பரிசீலிக்க வேண்டும். பெரும்பாலும் முறிவது முதலாவதுதான். 'இறுதித் திட்டம்' என்று காட்டினால், முடிவெடுத்த கூட்டத்தின் தேதியையும் குறிப்பையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஊர் ஹெல்த்வாட்ச் அறிக்கைகளை இப்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு போனால் இணையதளமும் போகும்.