‘நாலு இன்ஜெக்டரும் போச்சு’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பினாங்கிலும் கெடாவிலும் பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஹைலக்ஸ் 2.5 டி-4டி வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வண்டி நின்ற இடத்தில் குலுங்குகிறது என்று பட்டறைக்குப் போன என் அப்பாவிடம் 4,600 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, குலுக்கலை அப்படியே வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கோளாறு இருந்ததோ 400 வெள்ளிகூட ஆகாத ஒரு வால்வில்.

அப்பா பட்டர்வொர்த்தில் கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறார். 2008ஆம் ஆண்டு ஹைலக்ஸ்தான் அவருடைய தொழிலே. தைப்பூசம் நெருங்கிய நேரம். தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போட ஆர்டர் எடுத்திருந்தார். அப்போதுதான் இஞ்சின் தகராறு ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் சுத்தமாக ஓடும். சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால், 750, 800 என்று நிற்க வேண்டிய ஆர்பிஎம் மீட்டர் முள் 600க்கு இறங்கும், 1,000க்கு ஏறும், மறுபடி இறங்கும். சில நேரம் ஆஃப் ஆகிவிடும். பாலத்தில் ஏறி வேகமெடுத்தால் ஒன்றுமே தெரியாது. புகை இல்லை, தட்டுகிற சத்தமும் இல்லை. இந்த விவரங்களை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பட்டறை பிறைப் பக்கம். ஃபோர்மேன் நம்ம ஆள்தான், தமிழில் நன்றாகப் பேசுவார். ஸ்கேனரைச் செருகினார், பி1229 என்று ஒரு கோளாறு கோட் வந்தது. “பாருங்க அங்கிள், கம்ப்யூட்டரே சொல்லுது. நாலு இன்ஜெக்டரும் போச்சு, பம்பும் செய்யணும். டீசல் விலை இப்ப இருக்கிற நிலைமைக்கு இதோட ஓட்டினீங்கன்னா டீசலுக்கே காசு கட்டாது” என்றார். இன்ஜெக்டர் என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலைப் பீய்ச்சும் பாகம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதிலிருந்து, பிக்கப் வைத்துப் பிழைப்பவர்களைப் பயமுறுத்த இந்த ஒரு பேச்சு போதும். முதலில் 2,800 என்றார். இஞ்சினைத் திறந்த பிறகு 4,600 ஆனது. திறந்து போட்டாகிவிட்டது, பந்தல் வேலை வேறு காத்திருக்கிறது, அப்பாவால் என்ன செய்ய முடியும்?

அந்தக் கோட் என்ன சொல்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். எரிபொருள் பம்ப் பக்கத்தில் அழுத்தம் சரியில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். இன்ஜெக்டர் என்று அதில் எங்கும் இல்லை. கோட் காட்டுவது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை மட்டும்தான். அங்கிருந்து தேடிக் கண்டுபிடிப்பது ஃபோர்மேன் வேலை. அந்த வேலையை இவர் செய்யவே இல்லை.

வண்டி திரும்பி வந்தது. குலுக்கல் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒரு ‘சஃப் சஃப்’ சத்தம். ஃபோன் செய்தால், “பழைய வண்டி அங்கிள், ஓட ஓட செட் ஆயிடும்” என்று பதில்.

அப்புறம் புக்கிட் மெர்தாஜாமில் டீசல் வேலை மட்டும் செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் ஸ்பானரைத் தொடவே இல்லை. அப்பாவை உட்கார வைத்து, எப்போது குலுங்குகிறது, சூட்டிலா குளிரிலா, ஏர்கோன் போட்டாலா, புகை என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தார். அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தது. 2019 முதல் நம் டீசலில் 10 விழுக்காடு பாமாயில் டீசல் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், அதனால் பழைய வண்டியில் ஃபில்டரைத் தள்ளிப் போடக் கூடாது என்றார்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேனர். கோட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடவில்லை. இஞ்சின் ஓடும்போது மாறிக்கொண்டே இருக்கும் எண்களைத் திறந்து என்னையும் பார்க்கச் சொன்னார். “இங்க பாருங்க தம்பி. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு பலமா தள்ளுதுன்னு கம்ப்யூட்டர் கிராங்க் வேகத்த வச்சு அளக்கும். சோர்ந்து போனதுக்குக் கொஞ்சம் டீசல் கூட்டும், துள்ளுறதுக்குக் குறைக்கும். எவ்வளவு கூட்டுது குறைக்குதுங்கறதுதான் இந்த நாலு நம்பர்.” ஒரு இன்ஜெக்டர் கெட்டிருந்தால் அதன் எண் மட்டும் மற்றதிலிருந்து விலகி நிற்குமாம். நாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தன. பக்கத்தில் ரெயில் அழுத்தம்தான், அதாவது நாலு இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயின் அழுத்தம்தான், குலுங்கலோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பம்புக்குள் எவ்வளவு டீசல் போகலாம் என்று தீர்மானிக்கும் சின்ன வால்வு ஒன்று உண்டு. எஸ்சிவி என்பார்கள். பம்பின் மேலேயே இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். தண்ணீரும் தூசியும் பட்டுத் தேய்ந்தால் உள்ளே இருக்கும் பிஸ்டன் சிக்கிச் சிக்கி நகரும். கம்ப்யூட்டர் ‘கொஞ்சம் குறை’ என்றால் அது அதிகமாகக் குறைக்கும், ‘கூட்டு’ என்றால் அதிகமாகக் கூட்டும். சும்மா நிற்கும்போது தேவைப்படும் டீசல் மிகக் குறைவு, அதனால் அங்கேதான் தடுமாற்றம் தெரியும். வேகத்தில் தெரியாது. அப்பா சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும் இதற்குப் பொருந்தியது. நாலு இன்ஜெக்டரும் ஒன்றாகக் கெட்டிருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகவே மல்லுக்கட்ட வேண்டும், புகை தள்ளும், தட்டும். அப்படி எதுவும் இருந்ததில்லை.

வால்வையும் ஃபில்டரையும் மாற்றி, ஸ்கேனரில் பம்புக்குப் புது வால்வைப் பழக்கிவிட்டார். முள் 750க்கு வந்து அசையாமல் நின்றது. அப்பா ஏர்கோனைப் போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

மிச்சம் இருந்தது அந்த ‘சஃப் சஃப்’ சத்தம். ஆயில் மூடியைத் திறந்தால் துடிப்புத் துடிப்பாகக் காற்று தள்ளியது. பெரியவர் முகம் மாறிவிட்டது. இன்ஜெக்டர்களைக் கழற்றினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செம்பு வாஷர் இருக்கும். இன்ஜெக்டரை ஒருமுறை கழற்றினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும். அவர் என் உள்ளங்கையில் வைத்த வாஷர் நசுங்கி, ஒரு பக்கம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மறுபக்கம் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை கரிக்கோடு ஓடியிருந்தது. பழைய வாஷரையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டின் வழியாகத்தான் எரிந்த வாயு மேலே ஏறி ஆயிலில் கலக்கிறது. இப்படியே ஓட்டினால் கரி கட்டியாகி, சம்ப்பில், அதாவது இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், ஆயில் இழுக்கும் வலையை அடைத்துவிடும். ஆயில் ஏறாமல் இஞ்சினே சிக்கிவிடும். குலுக்கலோடு போன வண்டிக்கு இஞ்சினையே கொல்லக்கூடிய கோளாறை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றும் அங்கேயே தெரிந்தது. வேலை நடந்தபோது பிறை ஃபோர்மேன், “எவ்வளவு கரி பாருங்க” என்று அப்பாவுக்கு வாட்சாப்பில் படம் அனுப்பியிருந்தார். பழைய இன்ஜெக்டர்களின் தலையில் பொறித்த எண்கள் அதில் தெளிவாகத் தெரிந்தன. இப்போது கழற்றிய நாலிலும் அதே எண்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து அதையே திருப்பி மாட்டிவிட்டு, ரசீதில் ‘இன்ஜெக்டர் புதுசு 4’ என்று எழுதியிருக்கிறார்கள்.

கேட்கப் போனோம். முதலில் சிரித்தார், படத்தைக் காட்டியதும் குரலை உயர்த்தினார். “வேற பட்டறையில திறந்தாச்சு, இனிமே எங்க பொறுப்பு இல்ல.” பழைய பாகங்கள் எங்கே என்றால் இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டாராம். அறுபது வயது மனிதரை வாசலில் நிற்க வைத்தே பேசினார். அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியில் ஏறிவிட்டார்.

உங்கள் வண்டி இப்போது எங்காவது இதே பேச்சோடு நிற்கிறது என்றால், திறக்கும் முன் நாலு சிலிண்டரின் எண்களையும் ரெயில் அழுத்தத்தையும் ஓடும் இஞ்சினில் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். காட்டத் தெரியவில்லை, நேரமில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். பழைய பாகங்களைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம். இன்ஜெக்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் செம்பு வாஷர் ரசீதில் தனி வரியாக வரட்டும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, வாட்சாப் படம், பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கை, அந்த நாலு வாஷர் எல்லாம் ஒரு கவரில் இருக்கின்றன. பட்டறையின் பெயரை இப்போது வெளியிடமாட்டேன், விசாரணை முடியட்டும். பிறைப் பக்கம் இதே மாதிரி ‘இன்ஜெக்டர் புதுசு 4’ என்று ரசீது வாங்கி, குலுக்கல் நிற்காதவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். உங்கள் இன்ஜெக்டர் எண்களையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.