மெஷ் வைஃபை செட்டு, மூணு மாசம் ஓட்டிப் பாத்த அனுபவம்

ரெண்டு டப்பா வர்ற மெஷ் செட்டு (பல டப்பா சேந்து வீடு பூரா ஒரே வைஃபையா பரப்பறது) ஒண்ணு வாங்கி மூணு மாசம் முடிஞ்சுது. வாங்குனதுக்கு ஒரே காரணம், எங்க வீட்டு வைஃபை ஒரே நாற்காலில அசையாம உக்காந்திருந்தாலும் நாலு கோடு காட்டும், ரெண்டாகும், திரும்ப நாலாகும், மீட்டிங்ல பாதி பேச்சு முழுங்கிட்டுப் போகும். ரவுட்டர் தூரமா இருக்கு, அதான்னு நெனச்சேன். இப்ப சொல்றேன், பாதி பிரச்சனையைத்தான் இந்த டப்பா தீத்துச்சு, மீதி வேற எங்கயோ இருந்துச்சு. வாங்கற ஐடியால இருக்கறவங்க இத படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

முதல்ல போன்ல தெரியற கோட்டை நம்பாதீங்க, எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடுன்னு பொதுக் கணக்கே கிடையாது, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி போடும். வைஃபை அனலைசர் ஆப் ஏதாவது ஒண்ணு போட்டு டிபிஎம் நம்பரை, அதாவது சிக்னல் பவரோட அளவைப் பாருங்க. மைனஸ்ல வரும். மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும், மைனஸ் 80 தாண்டுனா கனெக்ட் ஆகி இருக்கும் ஆனா ஒண்ணும் ஓடாது. 3 குறைஞ்சாலே பவர் பாதியாயிடுச்சுன்னு அர்த்தம், 10 குறைஞ்சா பத்துல ஒரு பங்குதான் மிச்சம்.

புது செட்டை மாட்றதுக்கு முன்னாடி பழைய ரவுட்டரை வச்சே ஒரு சாயங்காலம் பூரா அளந்தேன். மேஜை மேல போன், மைனஸ் 61. அதையே எடுத்து ரெண்டு கையாலயும் படுக்கவாட்டுல பிடிச்சா மைனஸ் 68. திரும்ப மேஜைலயே ஒரு சாண் தள்ளி வச்சா 57, அங்கேருந்து நாலு விரல் நகத்துனா 65! ரவுட்டரும் மேஜையும் அப்படியேதான் இருக்கு. என்ன நடக்குதுன்னா, வைஃபை வழக்கமா 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசைல ஓடுது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளமே சுமார் 12 சென்டிமீட்டர்தான், 5 கிகாஹெர்ட்ஸ்ல அதுல பாதி. நேரா வர்ற அலை ஒண்ணு, சுவத்துல பீரோல கண்ணாடில பட்டுத் திரும்பி வர்றது பத்து, இது எல்லாம் ஒரு இடத்துல சேந்து ஏறும், பக்கத்துலயே ஒண்ணை ஒண்ணு அடிச்சு இறக்கிடும். யாராவது குறுக்க நடந்தாலோ கதவை சாத்துனாலோ அந்த மேடு பள்ளம் மொத்தமும் இடம் மாறிடும். அது போக மனுஷ ஒடம்புல பாதிக்கு மேல தண்ணி, தண்ணி இந்த அலையை உறிஞ்சிடும், அப்பா என் மேஜைக்கும் ரவுட்டருக்கும் நடுவுல நாற்காலி போட்டு உக்காந்தப்ப நம்பர் 5 இறங்குனதை நானே பாத்தேன். இந்த அளவு ஏத்த இறக்கம் இயல்பு, எந்த டப்பா வாங்குனாலும் நிக்காது.

சரி செட்டுக்கு வர்றேன். மாட்றது ரொம்ப ஈசி, ஆப்ல சொல்றபடி செஞ்சா பத்து நிமிஷம். ரெண்டாவது டப்பாவைத்தான் தப்பான இடத்துல வச்சேன், சிக்னலே வராத கடைசி ரூம்ல. போன்ல ஃபுல் கோடு, ஆனா பேஜ் ஒண்ணும் திறக்கல, ஏன்னா அந்த டப்பாவுக்கே முதல் டப்பாலேருந்து சிக்னல் ஒழுங்கா போகல. முதல் டப்பாவுக்கும் கடைசி ரூமுக்கும் நடு வழில, நடைபாதை அலமாரி மேல மாத்தி வச்சேன், கடைசி ரூம்லயும் மைனஸ் 60 வந்துருச்சு.

ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல மட்டும் இழுக்கறது நிக்கல. இதுல சிக்னல் நம்பர் குறையவே இல்ல, ஸ்பீடுதான் விழுது. ஆப்ல பாத்தா அக்கம்பக்கத்துது சேத்து பத்தொம்பது வைஃபை, முக்காவாசி சேனல் 6 (சேனல்னா அலைவரிசைக்குள்ள பிரிச்ச பாதை), நம்மளது ஆட்டோ செட்டிங்ல தானா போய் சேனல் 3ல உக்காந்திருக்கு. 2.4ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கற சேனல் 1, 6, 11 மட்டும்தான், 3ல இருந்தா 1, 6 ரெண்டு பக்கத்து சத்தமும் நம்ம மேல. ஒரே சேனல்ல இருந்தாலாவது ஒருத்தர் பேசி முடிச்சு அடுத்தவர் பேசுவாங்க, பாதி ஏறி நின்னா வெறும் இரைச்சல்தான். கையால 11 போட்டேன், அன்னிக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.45 கிகாஹெர்ட்ஸ்லதான் ஓடுது, அது ஓடும்போது தடுமாறுதுன்னா மேஜைல இருக்கற கருவிகளை 5க்கு மாத்திடுங்க.

5லயும் ஒரு தொல்லை இருந்துச்சு, எனக்கு கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு. திடீர்னு 5 நெட்வொர்க் காணாமப் போகும், ஒரு நிமிஷம் கழிச்சு வரும். சேனல் 52லேருந்து 144 வரைக்கும் ரேடாரும் பங்கு போடற இடம், ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா ரவுட்டர் உடனே காலி பண்ணிடணும், அந்த மாதிரி சேனல்ல திரும்ப உக்காரணும்னா ஒரு நிமிஷம் சும்மா கேட்டுட்டுதான் பேச ஆரம்பிக்கும். செட்டிங்ஸ்ல ரொம்ப உள்ள போய் 36க்கு மாத்துனதும் அது சுத்தமா நின்னுடுச்சு. இவ்வளவு முக்கியமான செட்டிங்கை ஆப்ல முதல் பக்கத்துல வைக்காம இப்படி ஒளிச்சு வச்சிருக்கறது எனக்கு நிஜமாவே கோவம். சில மெஷ் செட்டுல சேனலை மாத்தவே விடமாட்டாங்க, வாங்கறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுடுங்க.

இன்னொண்ணு, கடைசி ரூமுக்குப் போனாலும் போன் ஹால்ல இருக்கற முதல் டப்பாவையே பிடிச்சுக்கிட்டு விடாது. எப்ப மாறணும்னு முடிவு பண்றது போன்தான், டப்பா சொல்லிப் பாக்கலாம் அவ்வளவுதான். ஹால் டப்பாவோட பவரை ஒரு படி கம்மி பண்ணேன், சிக்னல் வேணும்னு வாங்கிட்டு குறைக்கறதான்னு தயங்குனேன், ஆனா இப்ப நடைபாதை தாண்டுனதும் தானா மாறிடுது.

போன மாசம் ரெண்டு டப்பாவுக்கும் நடுவுல லேன் கேபிள் இழுத்துட்டேன், அதுக்கப்புறம் கடைசி ரூம் ஸ்பீடு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. முடிஞ்சவங்க முதல் நாளே இழுத்துடுங்க. எங்க செட்டுல ரெண்டாவது டப்பால ஒரே ஒரு லேன் போர்ட், அது இந்த கேபிளுக்கே போயிடுச்சு, டிவிக்கு தனியா ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு லேன் போர்ட்டை பலதா பிரிக்கற பொட்டி) வாங்க வேண்டியதாப் போச்சு, அதனால போர்ட் எத்தனைன்னு எண்ணிப் பாத்து வாங்குங்க.