சுருங்கும் ஃபிலிமும் விழும் சுருக்கமும்

என் மாதிரி விமானத்தின் இடது இறக்கைக்கு நேற்றுதான் மறுபடி ஒட்டுப் போட்டேன். அந்த நேரம் பார்த்து நண்பர் கேட்கிறார்: "முதல் விமானம் கட்டுறேன். நீங்க போட்ட ஃபிலிமையே வாங்கட்டுமா?" மரச்சட்டத்தின் மேல் இஸ்திரி போட்டு ஒட்டி, சூட்டில் சுருக்கி விறைப்பாக்கும் பிளாஸ்டிக் உறைதான் இந்த ஃபிலிம். நாலு வருடம் அதோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் பதில் கொஞ்சம் நீளம்.

நல்லதை மறைக்கக் கூடாது. மெல்லிய டிஷ்யூ தாளைப் போர்த்தி, அதை விறைப்பாக்க மேலே பூசும் டோப் என்ற வார்னிஷின் நாற்றம் கிடையாது. எஞ்சின் துப்பும் எண்ணெயைத் துணியால் துடைத்தால் போதும். முட்செடியில் இறங்கிக் கிழிந்தபோது, கிழிசலைச் சுற்றி 5 மி.மீ. கூடுதலாகத் துண்டு வெட்டி ஒட்டினேன், இன்றுவரை பிரியவில்லை. பலகை ஒட்டிய பகுதியில் கொப்புளம் வரும், ஊசியால் குத்திவிட்டுத் தேய்த்தால் அடங்கிவிடும்.

ஆனால் வெயில்! வீட்டில் மத்தளம் போல விறைப்பாக இருக்கும் இறக்கை, திடலில் பத்து நிமிடம் வைத்தால் ரிப்புகளுக்கு, அதாவது இறக்கையின் உள் குறுக்குச் சட்டங்களுக்கு, நடுவே தொய்ந்து சுருக்கம் விழுகிறது. சுருங்குவதற்கென்றே செய்த பொருளில் சுருக்கம். நான் எடுத்தது அடர் நீலம், அது சூட்டை இன்னும் அதிகமாகக் குடிக்கும். ஈரம் காயும்போது சட்டத்தின் பால்சா மரமும் கொஞ்சம் ஒடுங்கும். சரி என்று மறுபடி இஸ்திரி போட்டால், நடுப்பகுதி இழுக்கிற இழுப்பில் ஓரத்துப் பசை இளகி, பின்விளிம்பு பெயர்ந்து வருகிறது.

பாதித் தப்பு என்னுடையது. பசை பிடிக்க ஏறத்தாழ 100 டிகிரி, ஃபிலிம் நன்றாகச் சுருங்க 150 டிகிரி செல்சியஸ். என் இஸ்திரிப் பெட்டியின் திருகியில் இருப்பதோ 1, 2, 3, 4. வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகுதான், ஓரம் ஒட்டும்போதே சுருக்கத் தொடங்கியிருந்தது புரிந்தது. சுற்றிலும் ஒட்டி முடித்து, அப்புறம் நடுவைச் சுட வேண்டும். மீதிப் பாதித் தப்பு ஃபிலிமுடையதுதான், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. வலது இறக்கை முறுக்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் சூடு காட்டி, ஆறும் வரை கையை எடுக்காமல் இருந்தேன். நேராக நின்றுவிட்டது! மரவேலையில் நான் செய்த பிழையை மேலே போர்த்திய தாள் திருத்தியது. அன்று மட்டும் அதன் மேல் பாசம் வந்தது.

நண்பரிடம் "வாங்காதீங்க, டிஷ்யூவும் டோப்பும் பழகுங்க" என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களிடம் மீதியிருக்கும் அரை ரோலைக் கொடுங்கள், சும்மா பழகிப் பார்க்கிறேன் என்றார். தரமாட்டேன். கிளைடருக்கு வேண்டும்.