நார்தம்பர்லாந்தின் கோபுர வீடுகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைச் சும்மாவே பார்க்கலாம்

வடகிழக்கு இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் பாம்பராக் கோட்டை, அனிக் கோட்டை என்று இரண்டு பெரிய பெயர்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை பெரும் பிரபுக்களின் இடங்கள். 1296-ல் இங்கிலாந்து-ஸ்காட்லாந்துப் போர் தொடங்கியதிலிருந்து 1603-ல் இரு நாட்டுக்கும் ஒரே அரசர் வரும் வரை, எல்லையோரத்தில் குடியிருந்த சின்ன நிலக்கிழார், பாதிரியார், மாடு வளர்த்த விவசாயி எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் பீல் டவர், பாஸ்டில் எனப்படும் கோபுர வீடுகளுக்குப் போக வேண்டும். பீல் டவர் மூன்று நான்கு மாடிக் கல்கோபுரம். கொஞ்சம் வசதியுள்ளவர் கட்டியது. பாஸ்டில் இரண்டு அடுக்குக் கல்வீடு. கீழே மாடு, மேலே மனிதர்.

1415-ல் நார்தம்பர்லாந்தில் எடுத்த பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டைகளும் கோபுரங்களும் இருக்கின்றன. பாதிக்கு மேல் இன்று தனியார் வீடு, இல்லையென்றால் கற்குவியல். உள்ளே போகக்கூடியவற்றில் நேரத்துக்கும் காசுக்கும் தகுந்தவை எவை என்பதுதான் இந்த மதிப்புரை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பிரெஸ்டன் டவர். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, சாட்ஹில் அருகே இருக்கிறது. 1392-ல் சர் ராபர்ட் ஹார்பாட்டில் கட்டியது. அப்போது நான்கு மூலையிலும் கோபுரம், நடுவே நீண்ட கூடம். 1603-க்குப் பிறகு காவலுக்கு அவசியமில்லாமல் போனதும் பாதியை இடித்துப் பண்ணைக் கட்டடங்களுக்குக் கல் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது இரண்டு கோபுரமும் அவற்றை இணைக்கும் சுவரும். சுவரின் கனம் ஏறத்தாழ 7 அடி. வாசலில் நின்று கையை நீட்டிப் பார்த்தால்தான் அந்த 7 அடி உறைக்கும்: கதவு இருக்கும் இடத்திலிருந்து உள்ளறைத் தரை தொடங்கும் இடம் வரை ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம்.

தரைத்தளத்தில் காவலறையும் சிறையும். மேலே மரத்தளம் கிடையாது, கல் வளைகூரைதான். காரணம் தீ. அந்தக் காலத்தில் கோபுரத்தைப் பிடிக்க வந்தவர்கள் பீரங்கியோடு வரவில்லை. ஈர வைக்கோலைக் கதவடியில் குவித்துக் கொளுத்தி, உள்ளே இருப்பவர்களைப் புகையால் மூச்சுமுட்ட வைத்து வெளியே வரவழைப்பதே வழக்கமான முறை. கல் கூரை இருந்தால் கீழே பற்றிய நெருப்பு மேலே ஏறாது, மேல்தளத்துக்குப் போய்விட்டவர்கள் தாக்குப்பிடிக்கலாம். முதல் மாடியில் ஒரு படுக்கையறையையும் இருப்பறையையும் 1400 வாக்கில் இருந்தபடி அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஜன்னல் என்பது வெளிச்சம் நுழையும் கீறல்தான். இரண்டாம் மாடி, 1513-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய ஃப்ளாடன் போருக்கு ஒதுக்கப்பட்டது. விளக்கப் பலகைகள் சுருக்கமாக, படிக்கும்படி இருக்கின்றன. உச்சியில் 1864-ல் பேக்கர் கிரெஸ்வெல் குடும்பம் வைத்த பெரிய கடிகாரத்தின் இயந்திரம். அது மத்தியகாலச் சங்கதி இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர்கள் முடிந்த பிறகும் கோபுரம் புழக்கத்தில் இருந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. மொட்டைமாடியிலிருந்து ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செவியட் மலை.

கட்டணம் சில பவுண்டுதான். சில்லறை கையில் இருக்கட்டும். தனியார் இடம் என்பதால், பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் அட்டை செல்லாது. படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் தரைத்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம். ரயிலை நம்பி வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாட்ஹிலில் ஸ்டேஷன் இருக்கிறது, கோபுரம் அங்கிருந்து நடக்கும் தூரம், வரைபடத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கே நிற்கும் வண்டி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஞாயிறன்று அதுவும் கிடையாது. கோபுரம் திறப்பதற்கு வெகுமுன்பே வந்து இறங்கி, மூடிய பிறகும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆல்ன்மவுத் ஸ்டேஷன் வரை வந்து அங்கிருந்து டாக்ஸி பிடிப்பது உத்தமம்.

பெல்சே முழுக்க வேறு வகை அனுபவம். நியூகாசிலிலிருந்து வடமேற்கே 14 மைல், ஏ696 சாலையில். டிக்கெட் இந்தப் பட்டியலிலேயே அதிகம், ஆனால் அதில் மூன்று சங்கதிகள் அடக்கம்: 1807-ல் சர் சார்லஸ் மங்க் கிரேக்கக் கோயில் பாணியில் கட்டத் தொடங்கிய மாளிகை, அந்த மாளிகைக்குக் கல் வெட்டிய குவாரிக்குள்ளேயே வளர்த்த தோட்டம், கடைசியாக 14-ம் நூற்றாண்டுக் கோபுரம். கோபுரத்தை மட்டும் பார்க்க வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அது வழியின் கடைசியில் இருக்கிறது என்பது. மாளிகையிலிருந்து குவாரித் தோட்டம் வழியாக நிதானமாக நடந்தால் கால் மணி நேரம். நான்கு மணிக்கு வந்து டிக்கெட் எடுத்தவர்கள் தோட்டத்திலேயே மயங்கி நின்றுவிட்டுக் கோபுரத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்துத் திரும்புவது சாதாரணமாக நடக்கிறது. நேராகக் கோபுரத்துக்குப் போய்விட்டு, தோட்டத்தைத் திரும்பும் வழியில் பாருங்கள்.

கோபுரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தரைத்தளத்தில் வளைகூரை போட்ட சமையலறை. உள்ளே சுவர்ப் பூச்சில் மிஞ்சியிருக்கும் மத்தியகால ஓவியம். இருண்ட கல்கூடு என்று நாம் கற்பனை செய்துகொள்ளும் இடத்தில் வண்ணம் பூசி வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இங்கிலாந்தில் இதுபோன்ற ஆதாரம் அதிகம் கிடைக்காது. கோபுரத்தோடு ஒட்டி நிற்கும் வீட்டுப் பகுதி 1614-ல் சேர்த்தது. ஜன்னல்களின் அகலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கோபுரத்தில் பயம் தெரியும். 1603-க்குப் பின் வந்த வீட்டில் அந்தப் பயம் காணாமல் போயிருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்க வழிகாட்டி வேண்டியதில்லை.

மாளிகைக்குள் மேசை நாற்காலி எதுவும் கிடையாது. பராமரிப்புக் குறையல்ல, அரசுப் பாதுகாப்புக்கு வந்தபோது, காலியாகவே வைத்திருக்க வேண்டும் என்று போட்ட நிபந்தனை. வெறும் அறைகளைப் பார்க்கவா இவ்வளவு கொடுத்தோம் என்று புலம்புபவர்களை அங்கே எந்த நாளும் கேட்கலாம். தூணும் படிக்கட்டும் ரசிக்காதவர்கள் அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். தோட்டத்துக்கு மே, ஜூன் மாதங்கள் சிறந்தவை, ரோடோடெண்ட்ரான் பூக்கும் காலம். பாறைச் சுவர்கள் காற்றை மறைப்பதால் இந்தக் குளிர் வட்டாரத்தில் பிழைக்காத செடிகளும் அங்கே நிற்கின்றன. டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்தால் வாசல் விலையைவிடக் குறையும். குளிர்காலத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை.

கார்பிரிட்ஜ் மட்டும் ரயிலில் சுலபம். நியூகாசில்-கார்லைல் தடத்தில் ஸ்டேஷன், ஊர் ஆற்றின் அக்கரை. கடக்கும் பாலம் 1674-ல் கட்டியது. 1771 வெள்ளத்தில் டைன் ஆற்றுப் பாலங்களெல்லாம் போனபோது தப்பி நின்றது இது ஒன்றுதான். தேவாலய மதிலோரத்தில் பாதிரியாரின் பீல் டவர். பக்கத்து ரோமானியக் குடியிருப்பில் கிடந்த கற்களைக் கொண்டுவந்து 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினார்கள். சீராகச் செதுக்கிய சதுரக் கற்களைப் பார்த்தாலே அவை வேறெங்கோ இருந்தவை என்று தெரியும். இப்போது அதற்குள் ஒரு சின்ன பப் நடக்கிறது. இரும்புச் சட்டக் கதவும், மேல் அறையில் பாதிரியார் புத்தகம் வைத்துப் படிக்கச் சுவரிலேயே அமைத்த கல் சாய்வும் இன்னும் இருக்கின்றன. பானம் ஒன்று வாங்கிக்கொண்டு மாடிக்குப் போவதுதான் நுழைவுக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம். இடம் குறுகல், சனிக்கிழமை மாலை வேண்டாம். சாப்பாட்டுக்கு ஊருக்குள் வேறு இடம் பாருங்கள்.

அங்கிருந்து ஒன்றரை மைலுக்குள் எய்டன் கோட்டை. பெயர்தான் கோட்டை, உண்மையில் மதில் சூழ்ந்த வீடு. 1296-ல் ராபர்ட் டி ரெய்ம்ஸ் தொடங்கினார், அமைதி நிலவும் என்று நம்பி. 1305-ல் மதிலுக்கு அனுமதி வாங்க வேண்டியதாயிற்று, 1315-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். பின்னர் பண்ணை வீடாகி 1966 வரை குடியிருப்பு. அதனால்தான் கூரையோடு முழுசாக நிற்கிறது. கோபுரம் பார்க்க வந்தவருக்கு இது இரண்டாம் பட்சம். நடைபாதை வழியாக வருவதாக இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், திறக்கும் நாட்கள் குறைவு.

இலவச இடங்கள் இரண்டில் எட்லிங்கம் கண்ணுக்கு, பிளாக் மிட்டன்ஸ் புத்திக்கு. எட்லிங்கத்தில் இடிந்த கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து, நடுவே பிளந்து நிற்கிறது. பின்னால் கைவிடப்பட்ட ரயில் பாலம். படம் எடுப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். தேவாலயத்தருகே வண்டியை விட்டுவிட்டு வயல் வழியே நடக்க வேண்டும். பண்ணைக் கேட்டை மறித்து நிறுத்தினால் டிராக்டர்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரும்.

பிளாக் மிட்டன்ஸ் பெல்லிங்கமுக்கு வடமேற்கே 7 மைல், டார்செட் பள்ளத்தாக்கில். 16-ம் நூற்றாண்டின் பிற்பகுதி பாஸ்டில், கூரை இல்லை, டிக்கெட் இல்லை, ஆள் இல்லை. முதலில் பக்கச் சுவரின் முனையைப் பாருங்கள்: கற்களால் அடைத்த ஒரு வாசல் தெரியும். மாடுகள் நுழைந்த வழி அது. இப்போது முன்பக்கம் இருக்கும் தரைத்தள வாசல்கள் பிற்காலத்தவை. மேல்தளத்துக்கு வெளியே கல்படி இருக்கிறது. அதுவும் பிறகு கட்டியதே. ஆரம்பத்தில் ஏணிதான். இரவில் ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் கொள்ளைக்காரர்களுக்கு மிஞ்சுவது கனத்த சுவரும் குறுகிய கதவும். பிறகு வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று பள்ளத்தாக்கைப் பாருங்கள். இந்த ஊரில் நெல்லோ கோதுமையோ திருட்டுப் போகவில்லை, மாடு போனது. கோடை மேய்ச்சலில் கொழுத்த மாடு, நீண்ட இரவு, காய்ந்த தரை மூன்றும் சேரும் இலையுதிர் காலமே கொள்ளைக் காலம். மந்தையை வீட்டுக்கடியிலேயே பூட்டுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். டார்செட் பாஸ்டில் டிரெயில் என்று குறியிட்ட நடைபாதை இங்கிருந்து இன்னும் சில பாஸ்டில்களுக்குக் கொண்டுபோகும்.

இங்கேதான் பயணம் கெட்டுப்போக வழியும் அதிகம். சாலை ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்துக்குப் பின்னோக்கி ஓட்டத் தெரிய வேண்டும். வாடகைக் கார் எடுக்கும்போது சின்ன வண்டியாகக் கேளுங்கள். பெல்லிங்கமிலேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள். போனில் சிக்னல் அடிக்கடி போய்விடும், ஆகவே நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் காகிதத்தில் வேண்டும்: டார்செட்டுக்கு ஓஎல்42, கார்பிரிட்ஜுக்கு ஓஎல்43, எட்லிங்கத்துக்கு 332. அவற்றில் பழஞ்சின்னங்களின் பெயர்களை அலங்கார எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத பீல், பாஸ்டில் பெயர்கள் அப்படியே கண்ணில் படும். பாதையோரக் குறிகளில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள், சுற்றிப் போங்கள். கோடையிலும் கணுக்கால் மூடும், நீர் புகாத காலணி தேவை. டிசம்பரில் நான்கு மணிக்குள் இருட்டிவிடும்.

தங்குவதற்கும் கோபுரம் வேண்டும் என்பவர்களுக்கு ஹேடன் பிரிட்ஜ் அருகே லாங்லி கோட்டை ஓட்டல். 1350 வாக்கில் சர் தாமஸ் டி லூசி கட்டியது, 1405-ல் எரிந்தது, 1882-ல் கேட்வாலடர் பேட்ஸ் வாங்கிச் சீர்செய்தார். தென்மேற்குக் கோபுரத்தில் தளத்துக்கு நான்காக 12 கழிப்பிடங்கள் சுவருக்குள் இருக்கின்றன. அந்தக் காலக் காவற்படையின் அளவை அதை வைத்தே ஊகிக்கலாம். வாடகை அதிகம். பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 7 அடிச் சுவருக்குள் குடைந்த ஜன்னல் இருக்கைகள் கோட்டைக்குள் இருக்கும் அறைகளில்தான். வளாகத்தில் தனிக் கட்டடங்களிலும் அறைகள் உண்டு, அவை மலிவு, ஆனால் அவற்றில் படுத்தால் கோபுரத்தை ஜன்னல் வழியே பார்க்கலாம், அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் விற்கும் 9 நாள், 16 நாள் பாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே சொன்னவற்றில் அது பயன்படுவது பெல்சேக்கும் எய்டனுக்கும் மட்டுமே. இந்த இரண்டுக்காக வாங்கினால் நஷ்டம். ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரோரமுள்ள செஸ்டர்ஸ், ஹவுஸ்டெட்ஸ், கார்பிரிட்ஜ் ரோமானிய நகரம், கடலோர வார்க்வொர்த் கோட்டை ஆகியவற்றையும் அதே வாரத்தில் பார்ப்பதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் பெல்சேக்குத் தனி டிக்கெட், பிரெஸ்டனுக்குச் சில்லறை, மீதிப் பணம் கார் வாடகைக்கு.